மூன்று ஓணான்களுக்கும் முதற்பரிசு

ஓணானுக்கு அழகுப்போட்டி வைக்கலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை நடந்தது. மற்ற வீடுகளில் எந்தப் பக்கம் வீடு வாங்குவது, மகனை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்று பிடுங்குப்படுவார்கள். எங்களுக்கு வாய்த்தது ஓணான்.

என் கணவர் வேலை செய்த கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வீட்டில் இருந்தார். வீட்டில் இருக்கும் ஆண்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. தோட்டம் கொத்துவார், கோயில் கமிட்டியில் சேர்ந்து நாலு பேரோடு கோபித்துக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். அவரோ ஒருநாள், இந்த நாட்டில் ஊர்வன வளர்க்க வேண்டிய லைசன்ஸை முறைப்படி எடுத்து, கண்ணாடிப் பெட்டியில் தாடி ஓணான் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். கோபம் வந்தால் தொண்டையை ஊதித் தாடியைக் கறுப்பாக்கும் சாதி. அப்படியே அவருடைய பெரியப்பா.

ஒன்று இரண்டானது, இரண்டு முட்டை போட்டது. கிரான்பர்ன் என்ற புறநகரில் நாங்கள் ஆசைப்பட்டு வாங்கிய வீட்டின் கராஜில் கார் நின்ற காலம் அத்தோடு முடிந்தது. கார் மழையில் நனைய, ஓணான்கள் விளக்குச் சூட்டில் படுத்திருந்தன. கரப்பான் பூச்சியைக் கண்டால் செருப்பைத் தூக்கும் குடும்பத்தில் பிறந்தவள் நான். அந்தக் கையாலேயே கரப்பான்களுக்குக் கரட் வெட்டிப் போட்டேன். ஓணான் தின்பதற்கு முன்னால் கரப்பான் நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டுமாம். குசினியில் எங்களுக்குப் பூசணிக்காய் வெட்டும்போது ஓணானுக்கும் ஒரு பங்கு வெட்டினேன். வாயால் திட்டிக்கொண்டு கையால் வெட்டுவது எனக்குப் பழக்கம்.

அவர் சேர்ந்திருந்த ஊர்வன வளர்ப்போர் சங்கத்தில் அந்த ஆண்டு ஒரு பேச்சு எழுந்தது. நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போல ஓணானுக்கும் இனத்தரம் வகுத்து, போட்டி வைத்து, கோப்பை கொடுக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் சொன்னது. அதெல்லாம் வேண்டாம், நிறத்துக்காகவும் கோப்பைக்காகவும் வளர்க்கத் தொடங்கினால் ஓணான் ஓணானாக இருக்காது என்று இன்னொரு கூட்டம் சொன்னது. என் கணவர் முதற்கூட்டத்தின் தளபதி.

"அளவு எண்டு ஒண்டு இல்லாட்டி ஆர் திறமா வளர்க்கினம் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று குசினி வாசலில் நின்று என்னைக் கேட்டார்.

"ஓணானுக்குத் தெரிஞ்சாக் காணும்," என்றேன்.

"நீர் பகிடி விடாதையும். கிளிக்கு இருக்கு, கோழிக்கு இருக்கு."

"தமிழ்ப் பள்ளிக்கூடத்திலயும் இருக்கு. அதால என்ன நடந்தது எண்டு நான் பாத்தனான்தானே."

நான் சும்மா சொல்லவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டிக்கு நான் பல வருடமாக நடுவர். உச்சரிப்புக்கு இவ்வளவு, பொருளுக்கு இவ்வளவு, கையசைவுக்கு இவ்வளவு என்று புள்ளி போட்டோம். பெற்றோருக்கு அது தெரிந்த நாளிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்தார்கள். "தாய்மொழி" என்றால் வலது கை நெஞ்சுக்குப் போகும். "உலகமே" என்றால் இரண்டு கையும் விரியும். என்ன பேசுகிறோம் என்று பிள்ளைக்கும் தெரியாது, கேட்கிற எங்களுக்கும் தெரியாது. புள்ளி மட்டும் நிறைய விழும். ஓணானும் இந்தக் கதிக்கு வரவேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அவர் காதில் அது ஏறவில்லை.

கடைசியில் அவருடைய கட்சியே வென்றது. ஒருமுறை நடத்திப் பார்ப்போம் என்று முடிவாகி, எதற்கு எத்தனை புள்ளி என்று வகுக்கும் குழுவிலும் அவரைப் போட்டார்கள். தன் ஓணான்களில் ஒன்றைப் போட்டிக்குத் தெரிவுசெய்தார். பழுத்த மாம்பழ நிறத்தில் ஒரு ஆண். முட்டையில் இருந்து அவர் கையில் வளர்ந்தது. இரவில் தொலைக்காட்சி பார்க்கும்போது அவருடைய நெஞ்சில்தான் படுத்திருக்கும். போட்டிக்கு முதல் வாரம் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, பஞ்சால் ஒற்றி எடுத்தார். எங்கள் இரண்டு பிள்ளைகளும் குழந்தையாக இருந்தபோது அவர் ஒருநாளாவது குளிக்க வார்த்ததில்லை.

போட்டி நாளில் மண்டபம் நிறையப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் எண் மட்டும் ஒட்டியிருந்தது. எல்லோரும் மத்தியானம் சாப்பிடுவதற்கு ஏதாவது கொண்டுவர வேண்டும் என்றதால் நான் ஒரு பெரிய தட்டம் நிறைய ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோயிருந்தேன். சிட்னியிலிருந்து வரவேண்டிய நடுவர் வரவில்லை. காய்ச்சல் என்று தொலைபேசி வந்தது. சங்கத் தலைவி, கழுத்தில் மலைப்பாம்பைச் சால்வை மாதிரிப் போட்டுக்கொண்டு திரியும் நல்ல மனுசி, கையைப் பிசைந்தார். போட்டியில் சேராத ஆள் யாராவது இதற்கு முன் எதற்காவது நடுவராக இருந்திருக்கிறீர்களா என்று சபையைப் பார்த்துக் கேட்டார்.

என் கணவரின் கை உயர்ந்தது. பெருமை பொங்க என்னைக் காட்டினார். மனைவிதான், ஆனாலும் பயப்பட வேண்டாம், எங்கள் வீட்டு ஓணான்களில் எது எது என்று இவளுக்கு இன்றுவரை தெரியாது என்று ஆங்கிலத்தில் விளக்கம் வேறு. எல்லோரும் சிரித்தார்கள், சம்மதித்தார்கள். குசினியில் நின்று தீனி வெட்டுகிறவளுக்கு யாருக்கு வெட்டுகிறோம் என்று தெரியாதாம். பேனையை வாங்கிக்கொண்டேன்.

எங்களுடையது கடைசி மேசையில் இருந்தது. மூடியைத் திறந்ததும் தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. பூசணிப் பூ கொண்டுவந்திருப்பேன் என்று நினைத்திருக்கும். நிறத்துக்கு முழுப் புள்ளி போட்டேன். கண், விரல், உடம்பு எல்லாம் திறம். வாலுக்கு வந்தபோதுதான் கை நின்றது. நுனி இல்லை. குஞ்சாக இருந்தபோது கூடப்பிறந்தது ஒன்று கடித்துத் தின்றது. அந்த ரத்தத்தைத் துடைத்து மருந்து போட்டவளும் நான்தான். காய்ந்து, மொழுமொழுவென்று உருண்டு, அதுவே வால் என்பது போல ஆகிவிட்டிருந்தது. ஆனால் என் கையில் இருந்த தாளில், நுனி குறைந்த வாலுக்கு ஒரு புள்ளியும் இல்லை என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வகுத்த குழுவில் என் கணவரும் இருந்தார்.

கூட்டிப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடப் பெண்பிள்ளையின் ஓணான் முதலாவது. லொறி ஓட்டும் ஒருவருடையது இரண்டாவது. எங்களுடையது மூன்றாவது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் தேநீர் மேசையில் சீனி போடாத தேநீரை விடாமல் கலக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து, நீதான் முதல் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். கமிட்டிக்காரரின் பிள்ளை மூன்றாவதாக வந்தால், மூன்று பேருக்கும் முதலிடம். மிச்சம் எல்லோருக்கும் ஆறுதல் பரிசு. ஒரு பிள்ளையும் அழாது, ஒரு தாயும் எனக்குத் தொலைபேசி எடுக்கமாட்டாள். நான் மேடையேறி அதையே அறிவித்தேன். மூன்று ஓணான்களுக்கும் முதற்பரிசு. மற்ற எல்லா ஓணான்களுக்கும் ஆறுதல் பரிசு.

ஆறுதல் பரிசு என்றால் என்ன கொடுப்பது என்று தலைவி மெதுவாகக் கேட்டார். எனக்கும் அது அப்போதுதான் உறைத்தது. ஆளுக்கொரு ரோல்ஸ் என்றேன். லொறிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரிய கோப்பையை வயதில் சின்னவளான பெண்பிள்ளைக்கும், நடுக்கோப்பையை லொறிக்காரருக்கும் கொடுத்தார்கள். முட்டை அவிக்கிற பாத்திரம் அளவில் மிஞ்சியிருந்தது என் கணவருக்கு வந்தது.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் தொடங்கினார். "ஏன் நீர் மூண்டு பேருக்குக் குடுத்தனீர்? எனக்குக் கிடைச்ச முதல் பரிசை ஏன் துண்டு போட்டனீர்?"

அன்றைக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. சாப்பாட்டு மேசையில் அதே கதை, படுக்கையில் அதே கதை. பிள்ளைகளிடம் முறையிட்டார். மகள் "லீவ் இட், அப்பா" என்று தன் அறைக்குப் போய்விட்டாள். பிறகொருநாள் நான் கறிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து நின்று, "உமக்கு என்ர ஓணானில பொறாமை," என்றார். எண்ணெய் மாதிரி எனக்கும் கொதித்தது.

"உங்கட ஓணான் மூண்டாவது!" என்று கத்தினேன். "விளங்குதோ? மூண்டாவது. உங்கட முகத்தைப் பாத்துத்தான் முதலிடம் குடுத்தனான்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எதில குறைஞ்சது?" என்று கேட்டார்.

"வாலில. நுனி இல்லை. நீங்கள் வைச்ச சட்டம்தானே."

கராஜுக்குப் போனார். நான் அடுப்பை நிறுத்திவிட்டுப் பின்னால் போனேன். ஓணானைத் தூக்கி விளக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தார். பெருவிரலால் வாலை அடியிலிருந்து நுனிவரை தடவினார், திரும்பவும் தடவினார்.

"அண்டைக்கு வாலில கடிபட்ட குஞ்சு இதுவே?" என்று கேட்டார். "நான் ஒவ்வொரு நாளும் தூக்கிறனான். நான் காணேல்லையப்பா."

வாயைக் கட்டிவைத்திருக்கலாமே என்று இருந்தது எனக்கு. அன்றிரவு ஓணானை நெஞ்சில் படுக்கவைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தார். ஆனால் பார்வை திரையில் இல்லை, வாலில் இருந்தது.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். அதில், இனிமேல் ஒவ்வொரு வருடமும் போட்டி வைக்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். வேண்டாம் என்ற பக்கத்தில் என் கணவரின் கை உயர்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவி பாம்பைத் தோளில் சரிசெய்துகொண்டு, நீங்கள்தானே இதற்காக இவ்வளவு பாடுபட்டீர்கள், ஏன் மனம் மாறினீர்கள் என்று கேட்டார்.

அவர் எழுந்தார். என் ஓணானில் ஒரு குறை இருக்கிறது, முட்டையில் இருந்து என் கையில் வளர்ந்தும் எனக்கு அது தெரியாமல் இருந்தது என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். இப்போது தூக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் தெரிகிறது என்றார்.

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"உம்மில எனக்குக் கோபமில்லை. ஆனா நீர் எனக்கு அதைக் காட்டாமல் விட்டிருக்கலாம்."