மேசைக்கு அடியில் மஞ்சள் கல்

பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் பூக்கடை வைத்திருக்கிறேன். கண் தெரியாதவர்கள் பலர் நேராக என் மேசைக்கு வந்து கோலால் தட்டிவிட்டு நிற்பார்கள். மல்லிகை வாசத்துக்கு வருகிறார்கள் என்று நினைப்பேன். பூ வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள். பிறகு ஏன் வருகிறார்கள் என்று குழம்பிப்போவேன்.

போன வாரம் அப்படி நின்ற ஒருவர் மேசையைச் சுற்றிச் சாலையில் இறங்கினார். மோட்டார் சைக்கிள் ஒன்று அவரை உரசிக்கொண்டு போனது. பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏண்ணே ரோட்டுல எறங்குறீங்க?"

"எங்க பாதை மேலதானே அக்கா ஏதோ வச்சிருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் மேடு மேடாக மஞ்சள் கல். கண் தெரியாதவர்கள் காலால் உணர்ந்து நடக்கப் பதித்ததாம். அழகுக்கு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இப்போது மேசை சுவரோரம். மஞ்சள் கல்லில் ஒரு வாளிகூட வைப்பதில்லை. அவர் தினமும் வருகிறார். என் கடையில் நிற்பதே இல்லை.