எடுக்காத போன்

நாலு பேரைச் சிரிக்க வைக்கத் தெரிந்ததாலேயே மொழிபெயர்க்கவும் தெரியும் என்று நம்பிய முட்டாள் நான். தொண்ணூறுகளில், நியூ ஜெர்சியில் எங்கள் கல்லூரி இருந்த ஊரின் காபிக் கடையில், வெள்ளிக்கிழமைதோறும் யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்துக் கவிதை வாசிக்கலாம். நண்பனின் மனைவி பர்வீன் அன்று முதல்முறையாகத் தமிழில் வாசித்தார். வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்வது என் வேலை.

“போன் அடிக்கிறது. எடுக்காதவரை எல்லோரும் சுகம்” என்றார்.

“எடுத்தால் லாங் டிஸ்டன்ஸ் பிளான் விற்பான்” என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டேன். தொலைதூர அழைப்புத் திட்டம் விற்க வீடுவீடாகப் போன் போட்டு உயிரை எடுத்த காலம் அது; கடையே அதிர்ந்து சிரித்தது. அவர் மீதியை வாசிக்காமல் காகிதத்தை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

காரில் கேட்டார்: “ஏண்ணே சிரிச்சாங்க?”

“பிளான் விக்கிறவன் போன்னு ஒரு ஜோக் சேர்த்தேன்மா. செம ஹிட்!”

“அது எங்கம்மா மௌத்தான சேதி வந்த போன், அண்ணே.”