கென்யாவுக்குப் புறப்படும் மெல்பேர்ண் மந்தை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ட்ருகனினாவிலிருந்து கிளென் வேவர்லி வரை என் மனுசி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மெல்பேர்ணின் மேற்கு நுனியிலிருந்து கிழக்கு நுனி! வழி சொல்லும் போன்காரி மட்டும் பேசிக்கொண்டு வந்தாள். அவளும் இடையில் திரும்பிப் போகச் சொன்னாள். திரும்பி என்ன பயன்? விட்ட வார்த்தையை யார் பிடிப்பது?

நான் செய்த குற்றம் இதுதான் — ஓர் இரகசியத்தைச் சொல்லிவிட்டேன்.

என் மனுசி சுகந்திக்கு ஓர் ஆசை. பிள்ளைகள் இரண்டும் தனி வீடு போனபிறகு முளைத்த ஆசை. கென்யாவில் வில்டபீஸ்ட் என்றொரு மிருகம். மாட்டு உடம்பு, ஆட்டுத் தாடி, குதிரை வால்... கடவுள் மிச்சம் மீதியை வைத்து ஒப்பேற்றிய படைப்பு. புல்லைத் தேடி மந்தை மந்தையாக நடந்து, ஓகஸ்ட் மாதமளவில் மாரா ஆற்றங்கரையில் தயங்கி நிற்கும்; ஒன்று குதித்தால் போதும், எல்லாம் குதித்துக் கடக்கும். கீழே முதலைகள். அதை நேரில் பார்க்க வேண்டும் — "நீங்களும் நானும் மட்டும்" என்றாள்.

நியாயமான ஆசைதான். நாங்கள் இருவரும் தனியாகப் போன பயணம் என்று பார்த்தால், யாரையாவது விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்ததுதான்.

ஒரேயொரு நிபந்தனை. டிக்கெட் கையில் வரும்வரை ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது.

நம் ஆட்களின் சட்டம் தெரியும்தானே? வீடு வாங்கினாலும் வேலை மாறினாலும், முடியும்வரை வெளியே தெரியக்கூடாது. கண்ணூறு பட்டுவிடும். நான் கண்ணூறை நம்பாத பகுத்தறிவுவாதி. எனவே சிவம் அண்ணரின் ட்ருகனினா வீடு குடிபுகும் விழாவில், மீன் ரோல்ஸைக் கடித்தபடி, எல்லாவற்றையும் கக்கிவிட்டேன்.

சிவம் அண்ணர் பனி பார்க்கப் போனாலும் ஒரு பஸ் நிறைய ஆள் சேர்த்துத்தான் போவார்.

"தம்பி, தனியப் போய் என்ன செய்யப்போறியள்? சிங்கம் வந்தால் நாலு பேர் வேணுமெல்லோ?" என்றார்.

சிங்கத்தின் சாப்பாட்டில் அவ்வளவு அக்கறை!

நான் காரில் ஏறுவதற்குள் வட்ஸ்அப் குழு பிறந்துவிட்டது. மறுநாள் காலை பார்க்கிறேன், ஆறு குடும்பங்கள். அந்த நாட்டு ப்ளக்கில் ரைஸ் குக்கர் வேலை செய்யுமா? வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா? காட்டுக்குப் பக்கத்தில் முருகன் கோயில் உண்டா? வில்டபீஸ்டைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பிறகுதான் இடி விழுந்தது. ஓகஸ்டில் எங்கள் நண்பர் ஞானம் அண்ணரின் மகளுக்கு அரங்கேற்றம். எங்கள் மகளின் அரங்கேற்றத்துக்கு அவர் குடும்பத்தோடு வந்து, நாலு மணித்தியாலம் அசையாமல் இருந்தவர். அந்த இருப்பை நாங்கள் திருப்பி இருந்துதானே தீர்க்க வேண்டும்? ஆகவே சிவம் அண்ணர் சபாரியை டிசெம்பருக்குத் தள்ளினார். டிசெம்பரில் மந்தை தன்சானியாப் பக்கம் போய்விடும், மாராவில் வெறும் ஆறுதான் ஓடும் என்று சுகந்தி அவரிடம் போனில் சொல்லிப் பார்த்தாள்.

"மாடுகள் எங்க பிள்ளை போகப்போகுது? அங்கினதான் நிக்கும்."

கேட்டது யார்? யாழ்ப்பாணத்தில் புறப்பட்டு, கொழும்பு, பாங்கொக் எல்லாம் கடந்து ட்ருகனினாவில் கரையேறிய மனிதர்!

சுகந்தி போனை வைத்தாள். கணினியில் சேர்த்து வைத்திருந்த கென்யாப் படங்களை மூடினாள்.

போன ஞாயிறு அந்தக் குடும்பங்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில் திட்டமிடல் கூட்டம். மேசையில் இடியப்பம், சொதி, கோழிக்கறி. சுகந்தி எல்லாரையும் சாப்பிட வரச்சொன்னாள். ஒருவரும் அசையவில்லை. நீங்கள் முதல் எடுங்கோ... இல்லையில்லை, நீங்கள்... எல்லாரும் மேசையிலிருந்து ஆறடி தள்ளி நின்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். ரஞ்சி அன்ரி ஓர் அடி முன்னே வைத்தார், பின்னே எடுத்தார். கடைசியில் சிவம் அண்ணரின் மனைவி, பேரப்பிள்ளைக்கு மட்டும் என்று ஒரு தட்டைத் தூக்கினார். அவ்வளவுதான்! மொத்தக் கூட்டமும் பாய்ந்தது. நான் சொதிச் சட்டிக்கும் கதிரைக்கும் நடுவில் நசுங்கினேன்.

சுகந்தி அகப்பையோடு நின்று அந்தக் காட்சியை ரசித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு வாயைத் திறந்தாள்.

"நாங்கள் ரெண்டு பேரும் ஓகஸ்டிலதான் போறம். அரங்கேற்றத்துக்கு வரேல்ல. ஞானம் அண்ணையிட்ட நானே சொல்லுறன்."

இடியப்பங்கள் பாதி வழியில் நின்றன. அரங்கேற்றத்துக்கு வரவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன ஒரு தமிழரை நான் அன்றுதான் கண்டேன் — அதுவும் என் வீட்டிலேயே!

ரஞ்சி அன்ரி மெல்லக் கனைத்தார்.

"எனக்கும் கனநேரம் இருந்தால் நாரியும் முதுகும் நோகும், பிள்ளை."

தொபுக்கடீர். இன்னொருவருக்கு லீவு ஓகஸ்டில்தான் கிடைக்குமாம். தொபுக்கடீர். மற்றவருக்கு டிசெம்பரில் மாமியார் வருகிறாவாம். கடைசியாகக் குதித்த சிவம் அண்ணர், தான் அப்போதே ஓகஸ்ட் என்றுதான் சொன்னதாகச் சாதித்தார்.

அன்று பின்னேரமே சுகந்தி ஞானம் அண்ணருக்குப் போன் போட்டாள். வீரனான நான் கராஜுக்குள் போய்விட்டேன். ஆனால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அங்கேயும் கேட்டது. அவர் வீட்டில் யாரோடோ குசுகுசுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, மண்டபம் இன்னும் உறுதியாக்கேல்ல. டிசெம்பரிலயும் கிடைக்குமாம். எங்களுக்கும் நாலு சீட் போடுங்கோ."

ஆக, ஓகஸ்ட் கிடைத்துவிட்டது. 'நீங்களும் நானும் மட்டும்'தான் ஆற்றோடு போய்விட்டது என்று நினைத்தேன். சுகந்தியைக் குறைவாக எடைபோட்டுவிட்டேன். எங்கள் மந்தை முருகன் கோயிலைத் தேடி நைரோபி திரும்பும் நாளில், நாங்கள் இருவரும் ஆற்றின் மறுகரையில் ஒரு சின்னக் கூடாரத்துக்கு நழுவுகிறோம். இடம் பதிவாகிவிட்டது. இந்த முறை என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள் — ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது!

சொல்ல மாட்டேன். எழுதுவதைப் பற்றி அவள் கேட்கவேயில்லை.