புளி போட்டுத் துலக்கிய தோட்டா

துப்பாக்கிகளைச் சோதிப்பது என் வேலை என்று சொன்னால், கிழக்கேகோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மெல்ல நகர்ந்து உட்காருவார். உங்கள் தொழிலையும் யாராவது சினிமாவில் காட்டித் தொலைத்திருந்தால் என் கஷ்டம் புரியும். செல்லையாவின் கேஸ் ஒன்றே போதும், கேளுங்கள்.

ஐந்து குண்டுகள்

செல்லையா மலையடிவாரத்துக்காரர். காட்டுப்பன்றி சுட லைசென்ஸ் உள்ளவர். பக்கத்துத் தோட்டக்காரரின் காலை யாரோ சுட்டுவிட்டார்கள். இருவருக்கும் வேலித் தகராறு. ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவரும் செல்லையா ஒருவர்தான். பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

காலிலிருந்து எடுத்த ஐந்து ஈயக் குண்டுகளையும் செல்லையாவின் துப்பாக்கியையும் இன்ஸ்பெக்டர் எங்கள் தடயவியல் லேபுக்குக் கொண்டுவந்தார். இந்த வகைத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும், குண்டில் கீறல் விழாது, எதிலிருந்து வந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது என்றேன். அவர் என் மேஜையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்து கேட்டார்.

"பின்னே எந்தினா மேடம் இத்தனை பெரிய மைக்ரோஸ்கோப்?"

பளபளப்பு

மிச்சமிருந்தது, சம்பவ இடத்தில் கிடைத்த காலித் தோட்டா. சுடும்போது துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடியில் குத்தும். அந்தக் குழி துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அரக்கு முத்திரையை உடைத்துத் துணியைப் பிரித்தேன். பித்தளை அடிப்பாகம் கார்த்திகை விளக்காக மின்னியது. துப்பாக்கி அதில் பதித்திருந்த நுண்ணிய கோடுகள் போயே போய்விட்டன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மனிதர் ஜெயிலில் இருக்கிறார். கொண்டுவந்த போலீஸ்காரருக்கு முகமெல்லாம் பெருமை.

"ஒரே சேறு மேடம். லேபுக்கல்லே கொண்டு போறதுன்னு, வீட்டுல புளி போட்டு நல்லா துலக்கினேன்."

பஞ்சு வியாபாரி

நல்லவேளை, ஊசிக் குழி புளிக்கு மசியவில்லை. ஒப்பிட, செல்லையாவின் துப்பாக்கியால் நாங்களே சுட்டுப் பார்க்க வேண்டும். பஞ்சு அடைத்த பெட்டிக்குள்தான் சுடுவோம். பஞ்சு தீர்ந்திருந்தது. எழுதிக் கேட்டால் அடுத்த ஓணத்துக்கு வரும் என்று, ஆரியசாலைப் பஞ்சுக் கடைக்கு நானே போனேன். வீட்டில் கல்யாணமா, மெத்தைக்கா என்று கேட்டார் கடைக்காரர். விஷயத்தைச் சொன்னேன். எடை போட்ட கை நின்றது.

"யம்மா, சுட்ட பஞ்ச திருப்பி எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

இரண்டாவது துப்பாக்கி

நாங்கள் சுட்டதில் குழி நட்டநடுவில் விழுந்தது. புளித் தோட்டாவில் ஓரம் தள்ளியிருந்தது. இது செல்லையாவின் துப்பாக்கியில் வெடித்ததல்ல என்று கோர்ட்டில் அடித்துச் சொன்னேன். வேறு துப்பாக்கியால் அவர் சுட்டிருக்கலாம் அல்லவா என்றார் அரசு வக்கீல். சுட்டது யார் என்று தோட்டா சொல்லாது என்றேன். அதுதானே உண்மை? ஆனால் அப்போது செல்லையா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

விடுதலையான பிறகு ஒருநாள் என்னைத் தேடி வந்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"மேடம், நீங்க என் துப்பாக்கியத்தான் விடுதல பண்ணினிய. ஊருல இப்போ எல்லாரும் 'அந்த ரெண்டாவது துப்பாக்கிய எங்க ஒளிச்சு வச்சிருக்க'ன்னுல்லா கேக்காவ!"

இப்போதெல்லாம் பஸ்ஸில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், துப்பாக்கிகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்கிறேன் என்கிறேன்; மனிதர்களுக்குக் கொடுக்கிற ஆபீஸ் எங்கே இருக்கிறது என்றுதான் எனக்கும் தெரியவில்லை.