இனஃப் என்றால் ஸ்பானிஷில் என்ன?

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தி.நகரில் லுங்கி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் தற்காலிக டைப்பிஸ்ட். ஒரு நாள் முதலாளி ஓர் ஆங்கில - ஸ்பானிஷ் அகராதியைத் தொப்பென்று என் மேஜையில் போட்டார்.

"எம்மா, தென் அமெரிக்காவுலேர்ந்து ஒருத்தர் வந்திருக்காரு. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கலியாம். நாளைக்கு உங்க வீட்ல சாப்பாடு. மனுஷன் சந்தோஷப்பட்டு ஆர்டர் குடுத்தாருன்னா உன் வேலை நிரந்தரம்."

அகராதி வாங்கிக் கொடுத்தால் ஸ்பானிஷ் தானாக வந்துவிடும் என்று அவருக்கு நினைப்பு. பிரமாதமான நினைப்பு!

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விருந்தாளிக்கும் கூட வந்த முதலாளிக்கும் இலை போட்டோம். அந்த நெடிய மனிதர் சம்மணம் போடப் பட்ட பாடு தனிக்கதை. சாம்பார் சாதம் முடிந்ததும் "பஸ்தாந்தே" என்றார். பக்கத்தில் நின்று அகராதியைப் புரட்டினேன். இனஃப்.

"அம்மா, போதுங்கறார்."

"நன்னாருக்கு! மொத தடவை எல்லாரும் சொல்றதுதான். அதைக் கேட்டுண்டு நின்னா நம்மளை என்ன நினைச்சுப்பா?" மறுபடி சாதம் விழுந்தது.

ரசத்தில் "சுஃபிசியெந்தே" என்றார். வேண்டிய அளவு கிடைத்துவிட்டதாம். உதாரண வாக்கியமே இருந்தது. அம்மா மசியவில்லை. பாயசத்தில் "பஸ்தா!" 'போதும், நிறுத்து!' என்று கோபத்தில் அதட்டுவது என்று போட்டிருந்தது.

"அம்மா, கோவமா சொல்றார்!"

"பசிச்சா கோவம் வரத்தான் வரும்" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

எங்கள் வீட்டில் போதும் என்று வாயால் சொன்னால் செல்லாது. இரண்டு கையையும் இலைக்குக் குறுக்கே வைத்துக் குனிய வேண்டும். அகராதி எழுதினவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? முதலாளிதான் செய்து காட்டினார். விருந்தாளி அதைப் பார்த்து இலைமேல் கிட்டத்தட்டக் கவிழ்ந்தே விட்டார். அம்மா திருப்தியாக மோர் எடுக்கப் போனாள்.

விருந்தாளி கை கழுவிவிட்டு வந்து, தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அவர் ஊரில் ஒரு தடவை வேண்டாமென்றால் விட்டுவிடுவார்களாம். கூச்சத்தில் அப்படிச் சொல்லிவிட்டு எத்தனையோ வீடுகளில் பசியோடு எழுந்திருக்கிறாராம். நாளைக்கும் இங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் ஆர்டரில் கையெழுத்துப் போடுவாராம்.

"நாளைக்கா? ஏகாதசியாச்சே! எங்காத்துல சாதமே வடிக்க மாட்டோமே!" என்றாள் அம்மா.

முதலாளி முகம் தொங்கிப்போயிற்று. வேலை போச்சு என்று நான் அம்மாவையே பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். "சரி, வரச் சொல்லு" என்றாள்.

மறுநாள் கையெழுத்தும் ஆயிற்று, என் வேலையும் நிரந்தரமாயிற்று. ஆனால் எனக்கு அழுகை வந்தது அதற்கு முன்னால், காலையில். பட்டினி வயிற்றோடு குளித்துவிட்டு வந்த அம்மா பெருமாள் படத்தின் முன் நின்றாள்.

"பொண்ணு வேலைக்காகப் பண்றேன். கோச்சுக்கணும்னா என்னைக் கோச்சுக்கோ. அவளை விட்டுடு" என்று சொல்லிவிட்டு, அரிசி களையப் போனாள்.