திறந்து வைப்பதற்காகப் பூட்டிய அறை

எங்கள் ஆட்களிடம் ஒரு விசித்திரம் உண்டு. சாப்பாட்டுக் கடை வைத்து மூடினால் பிழைக்கத் தெரியாதவள் என்பார்கள். கணினி நிறுவனம் தொடங்கி மூடினால் மேடையேற்றிப் பேசச் சொல்வார்கள். நான் இரண்டை மூடியவள். அதனால் எனக்கு இரட்டிப்பு மரியாதை.

முதலாவது, தீபாவளிக்கு வீட்டில் முறுக்கும் பிஸ்கட்டும் செய்யும் பெண்களிடம் ஆர்டர் கொடுப்பதற்கான செயலி. எங்கள் ஊர் மாசாயில் அடுக்குமாடி வீடுகளுக்குப் படியேறிப் படியேறி அக்காமார்களைச் சேர்த்தேன். வாடிக்கையாளர்களும் வந்தார்கள். முதல் டப்பாவைக் கொடுக்கும்போதே, அடுத்த தடவை எனக்கே போன் பண்ணுங்கள் என்று அக்காமார்கள் தங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. முகம் தெரிந்துவிட்ட பிறகு நடுவில் நான் எதற்கு?

இரண்டாவது, இணையத்தில் டியூஷன். கோலாலம்பூர் ஹோட்டல்களில் முதலீட்டாளர்களுக்கு அதை விளக்கி விளக்கியே தொண்டை வற்றியது. பிள்ளைகள் படிக்கிறார்களா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு வேகமாகப் பெருகுவார்கள் என்றுதான் கேட்டார்கள், கொசுவைப் பற்றிக் கேட்பதுபோல. கடைசியில் கூட்டாளி சிங்கப்பூரில் வேலைக்குப் போனார். நான் அலுவலக மடிக்கணினிகளை அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்துக் கோயில் தலைவர், இளைஞர்களுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அழைத்தார். போய்ப் பேசினேன். தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று எனக்கே நம்பிக்கையில்லாத எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, கற்றுக்கொள்ள ஆசைதான், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே, என்ன செய்வது என்று கேட்டாள். என் வீட்டில் அந்த அட்டைப்பெட்டிகள் சும்மா கிடந்தன.

மண்டபத்துக்குப் பின்னால், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் அண்டாக்களைப் போட்டு வைத்திருந்த அறையைக் கேட்டு வாங்கினேன். பிள்ளைகளே கழுவித் துடைத்தார்கள். மடிக்கணினிகளைக் கோயிலுக்கே நன்கொடையாகக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்து என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் மோட்டார் சைக்கிளில் இருவர் இருவராக வந்து இறங்குவார்கள். பொழுது சாய்ந்தாலும் எழுந்து போக மாட்டார்கள். என் இரண்டு நிறுவனங்களிலும் எனக்குக் கிடைக்காத சந்தோஷம் அந்த அறையில் கிடைத்தது. அதை இப்போது சொல்லவும் கசக்கிறது.

அன்று கேள்வி கேட்ட பெண்தான் எல்லாரையும்விடச் சூட்டிகை. அவள் அம்மாவுக்குப் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. விடிவதற்கு முன்னால் சாலையோரத்தில் தொழிற்சாலை பஸ்ஸுக்காகக் காத்து நிற்பார். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பஸ் எங்கே வருகிறது என்று போனிலேயே பார்ப்பதற்கு ஓர் இணையப் பக்கம் செய்யப் போவதாக அவள் சொன்னாள். செய்தும் காட்டினாள். ஒரு டிரைவர் அதில் சேரச் சம்மதித்தார். இன்னும் சில வாரங்கள் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். அதைக் காட்டி அவளைக் கல்லூரியில் சேர்த்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவள் வீட்டிலும் அதுவரை வேலைக்குப் போகச் சொல்லி நெருக்காமல் இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை போனபோது கதவில் புதுப் பூட்டு. தலைவர் சிரித்த முகமாக வந்தார்.

"வகுப்பு நல்லா நடக்குதும்மா, நான் இல்லேங்கல. ஆனா இன்னும் திறப்பு விழாவே வைக்கலையே. ஒய்.பி. வந்து ரிப்பன் வெட்டுறதுக்கு முன்னாடி நாம உள்ள போயி உக்காந்தா அவருக்கு என்னம்மா மரியாதை?"

சட்டமன்ற உறுப்பினரைத்தான் ஒய்.பி. என்றார். வருடம் முழுக்க நடந்துகொண்டிருந்த வகுப்பு அவர் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. நல்லெண்ணம்தான், அதுதான் கொடுமை. சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள், குளிர்சாதனம் மாட்டினார்கள், மேசைகளை பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். மடிக்கணினிகளையாவது கொடுங்கள், வேறிடத்தில் வைத்து நடத்துகிறேன் என்றேன். சாமிக்குக் கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்கலாமா என்று அவர் பதறிப்போனார். பக்கத்தில் நின்ற கோயில் நிர்வாகச் செயலவைப் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஒய்.பி.க்கு முதலில் வெளிநாட்டுப் பயணம். பிறகு கட்சிக் கூட்டம். பிறகு தீபாவளி விருந்துகள். ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் என்றார்கள். நானும் பிள்ளைகளிடம் அடுத்த வாரம் என்றேன். மாமாக் கடை என்கிற ஒரு டீக்கடையில் உட்கார்ந்து போனிலேயே பாடம் நடத்திப் பார்த்தேன். தே தாரிக் டீயைத் தூக்கி ஆற்றும் சத்தத்திலும் டிவி சத்தத்திலும் ஒன்றும் ஏறவில்லை. ஒருவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். ஒருவன் செனாயில் ஒரு சரக்குக் கிடங்கில் சேர்ந்தான். அவள் மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலே திரும்பிப் போவாள்.

ஒரு நாள் அவளே போன் செய்தாள். "அக்கா, அம்மாவோட பெக்டரியிலயே சேந்துட்டேன். வீட்டுல எத்தன தடவக்கா அடுத்த வாரம்னு சொல்றது?" குரலில் கோபம் இல்லை. நான்தான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

கடைசியில் விழா வந்தது. உட்கார வைக்க இளைஞர்கள் வேண்டுமே! ஒரு பள்ளியிலிருந்து பஸ் வைத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து சட்டை மாட்டிவிட்டார்கள். சட்டையின் முதுகில் நாளைய தலைவர்கள் என்று அச்சடித்திருந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஒய்.பி. போர்த்துவதா என்று செயலவைக்குத் திடீர்ச் சந்தேகம். அவர் மனைவியும் வரவில்லை. பொன்னாடையைப் பொட்டலம்போல மடித்து என் கையில் கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் தொழிற்சாலைக்கே போய்க்கொண்டிருக்கக் கூடாது, தொழில்நுட்பத்தில் முன்னேற வேண்டும் என்று ஒய்.பி. நன்றாகவே பேசினார். எல்லாரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். ரிப்பன் வெட்டினார்கள். வந்த பிள்ளைகள் உள்ளே போய், மூடியிருந்த மடிக்கணினிகளுக்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் பிரியாணிக்குப் போனார்கள்.

நான் வாசலுக்கு வந்தபோது செருப்பு அடுக்கின் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள், தொழிற்சாலைச் சட்டையோடு. வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள். விழா என்று யாரோ சொன்னார்களாம்.

"அக்கா, இப்ப உள்ள போலாமா? இல்ல, இன்னும் யாராச்சும் வரணுமா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்குப் பின்னால் தலைவர், புதுக் கம்பளம் அழுக்காகிவிடும் என்று சொல்லிக்கொண்டே கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.