தறித்தூணில் கட்டிய பரண்

சேவூரில் நான் பரண் போடாத தெரு இல்லை. வீட்டுக்காரர் குறுக்கே யோசனை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். உளியைக் கீழே வைத்துவிட்டு, "நீயே போட்டுக்கோபா" என்று கிளம்பிவிடுவேன். அருணகிரி வீட்டில் மட்டும் வாயை மூடிக்கொண்டு அவர் சொன்னபடி செய்தேன். அதற்காக என்னை நானே திட்டிக்கொண்ட நாள்கள் உண்டு.

அருணகிரி பட்டு நெசவாளர். ஐம்பத்திரண்டு வயது, ஒரே தறி, ஒரே மகள். அதிர்ந்து பேசாத மனிதர். வீட்டில் சத்தமெல்லாம் மனைவி கன்னியம்மாளும் மகள் பானுப்ரியாவும்தான். பானு பாத்திரம் கழுவினால் தெருவுக்கே கேட்கும். அதற்குக் கன்னியம்மாள் திட்டுவது இரண்டு தெருவுக்குக் கேட்கும். போன தை மாதம் பானுவைத் தேசூரில் கட்டிக் கொடுத்தார்கள். ஆடி முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். இருபத்துநாலு வயது.

காரியம் முடிந்த மறுவாரம் சம்பந்தி வீட்டார் சீர்ப் பாத்திரங்களை மினி லாரியில் திருப்பி அனுப்பினார்கள். கெட்டவர்கள் அல்ல. பெண்ணே இல்லாதபோது அவள் பொருள் நமக்கு எதற்கு என்று ஒரு கரண்டியைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் அவ்வளவு நல்லவர்களாக இல்லாமல் இருந்திருந்தால் தேவலை.

"எல்லாத்தையும் பழைய பாத்திரக்காரன்கிட்ட போட்டுடு. என் கண்ணுல படக்கூடாது" என்றாள் கன்னியம்மாள். ஒவ்வொரு பாத்திரத்திலும் மகள் பெயர் வெட்டியிருந்தது. அதை உருக்கக் கொடுக்க அருணகிரிக்கு மனம் வரவில்லை. மனைவியிடம் மன்றாடினார். கண்ணில் படாமல் பரண்மேல் ஏற்றி முன்பக்கம் பலகை அடித்துவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கடைசியில் அவள் ஒப்புக்கொண்டாள்.

ஓட்டு வீடு, உயரத்துக்குக் குறைவில்லை. வம்பு சுவரில் இருந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீடு, ஒரு பக்கம் பொதுச்சுவர். அதில் ஓட்டை போடக்கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். பரண் சட்டத்தின் ஒரு முனையை எதிர்ச்சுவரில் செருகலாம், மறுமுனைக்கு இடமில்லை. அருணகிரி தன் தறியைக் காட்டினார். சேலையில் பூவேலை எடுக்கும் ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே நாலு தூண்களில் உட்கார்ந்திருந்தது.

"இந்தத் தூணு அம்மாம் பெரிய பொட்டியவே தாங்கினு இருக்குது மேஸ்திரி. நாலு குண்டானத் தாங்காதா?"

"தாங்கும். தறி ஓட்டும்போது ஆடுமே."

"எங்க ஆடுது? முப்பது வருசமா இதுலயே உக்காந்துகினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

சங்கதியே அதுதான். முப்பது வருடம் அதிலேயே உட்கார்ந்தவருக்கு அது ஆடுவது தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அவர் முகம் இருந்த இருப்பில் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. பனஞ்சட்டம் வைத்து, வேப்பம்பலகை பரப்பி, மூன்றே நாளில் முடித்துக் கொடுத்தேன். பாத்திரங்களை அவரே ஏணியில் ஏற்றி அடுக்கினார்.

மறுநாள் தறியில் உட்கார்ந்து மிதியை அழுத்தினார். பெட்டி தூக்கிப் போட்டது. தலைக்கு மேலே குடம், குண்டான், தம்ளர் எல்லாம் கணகணவென்று அடித்தன. ஒவ்வொரு மிதிக்கும் அடித்தன. பழந்துணி திணித்துப் பார்த்தார், பாதிதான் அடங்கியது.

நாலாம் நாள் கன்னியம்மாள் என் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"கண்ணுல படலன்னா போதும்னு நெனச்சேங்கண்ணா. இப்ப காதுல குத்துது. ஞாயித்துக்கெழமைக்குள்ள இது நிக்கணும். இல்லன்னா எல்லாத்தையும் வண்டில ஏத்தி உட்டுடுவேன்."

பரணைத் தறியிலிருந்து பிரித்து, அதற்கெனத் தனியாக இரண்டு தூண் நிறுத்துவதாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை அருணகிரி அவசரப்படுத்த வந்தார்.

"ஜல்தி முடிச்சிக் குடுங்க மேஸ்திரி. அவ சொன்னா செஞ்சிடுவா." போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். "நான் நூல் வாங்க வெளிய போய் வந்தா தறில அட்டை நகந்துகினு இருக்குது. பூவே தப்பிப் போவுது. எலி ஏறுதோ இன்னாவோ, ஒரே பேஜார்."

மிதியை ஒருமுறை அழுத்தினால் பெட்டியில் பூவுக்குத் துளை போட்ட ஓர் அட்டை நகரும். எலி அழுத்தி நகர்கிற மிதி இல்லை அது. நானும் பெரிதாக யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒரு தூணைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். தெருவிலேயே பாத்திரச் சத்தம் கேட்டது. அருணகிரி நெய்கிறார் என்று நினைத்து, திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தேன்.

தறியில் கன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையில் ஊடைநூல் ஓட்டும் நாடா இல்லை. கால் மட்டும் மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. முகம் பரணைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. மேலே பாத்திரங்கள் உருண்டன.

"மெதுவா வைடி பானு" என்றாள், திட்டுகிற குரலே இல்லாமல். "தெருவுக்கே கேக்குது பாரு."

மறுபடியும் அழுத்தினாள்.

வந்த சுவடு தெரியாமல் திரும்பினேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தெருமுனையில் அருணகிரி நூல் பையோடு எதிரே வந்தார். என் தோளில் தூணைப் பார்த்தார். பிறகு அவருக்கும் சத்தம் கேட்டது.

"யாரு தறில?"

நான் தூணைத் தோள் மாற்றிக்கொண்டேன். அவர் வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"எலின்னு நெனச்சேன் மேஸ்திரி" என்றார். தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப உள்ள போனா நிறுத்திடுவா. வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்."

முனையிலிருந்த டீக்கடைச் சுவரில் தூணைச் சாய்த்தேன். அந்த வீட்டுக்கு அதை நான் கொண்டுபோகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மாளும் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அருணகிரி இரண்டு டீ குடித்தார். அந்தச் சத்தம் தானாக நிற்கும்வரை பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.